மூக்குக்குழாயா, வயிற்றுக்குழாயா?

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கிய இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே வாயெல்லாம் புண்ணாகிவிடும். எச்சில் விழுங்குவதே வேதனை. சிகிச்சை ஆறேழு வாரம் நீளும். புண் ஆற மேலும் சில வாரங்கள். அதுவரை உடம்பு கரையாமல் இருக்கப் பலருக்குக் குழாய்வழி உணவு தேவைப்படுகிறது.

வார்டில் ‘ரைல்ஸ் டியூப்’ என்று சொல்லும், மூக்கு வழியாக இரைப்பைக்குள் இறக்கும் மூக்குக்குழாயைப் படுக்கையிலேயே சில நிமிடங்களில் போட்டுவிடலாம். செலவு குறைவு, வேண்டாதபோது உருவிவிடலாம். ஆனால் முகத்தில் தெரிவதால் பலர் வெளியே போகக் கூசுவார்கள். இருமலில் நழுவுவதும் உண்டு. இடம் மாறியது தெரியாமல் உணவைச் செலுத்தினால் அது நுரையீரலுக்குப் போகலாம்; அதனால் ஒவ்வொரு வேளையும் குழாயின் அடையாளக் கோட்டைப் பார்த்தே ஆகவேண்டும்.

‘பெக்’ எனப்படும் வயிற்றுக்குழாயை எண்டோஸ்கோப்பி மூலம் வயிற்றில் துளையிட்டு வைக்கிறார்கள். சட்டைக்குள் மறைந்துவிடும், மாதக்கணக்கில் தாங்கும். துளையைச் சுற்றிச் சீழ் பிடிக்கலாம். அரிதாக வயிற்றறைக்குள்ளும் தொற்று பரவும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: வசதியாக இருப்பதாலேயே அதை எடுக்க மனம் வராது. விழுங்காமலே இருந்தால் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். பெக் வைத்தவர்கள் வாய்வழி உணவுக்குத் திரும்பத் தாமதமாகிறது என்று சில ஆய்வுகளும் காட்டுகின்றன. எந்தக் குழாயானாலும், மருத்துவர் அனுமதித்தால் தினமும் கொஞ்சம் தண்ணீராவது விழுங்கிப் பழக வேண்டும்.

குழாயின் தேவை நான்கு வாரத்துக்குள் முடியும் என்றால் மூக்குக்குழாயே போதும். அதைத் தாண்டும் என்று தெரிந்தால், அல்லது சிகிச்சைக்கு முன்பே எடை நன்றாகக் குறைந்து விழுங்கவும் சிரமப்பட்டால், பெக். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு முன்னெச்சரிக்கையாகத் துளை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உள்ளே போவது எது என்பதில்தான் வீடுகளில் அதிகம் கோட்டை விடுகிறோம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,250 முதல் 1,500 கலோரி வேண்டும். புரதம் 50 கிராமுக்குக் குறையக் கூடாது, 75 வரை போகலாம். குழாய் அடைக்காதபடி வடிகட்டிய கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். கடையில் கிடைக்கும் குழாய் உணவு மாவைச் சொன்ன அளவில் கரைத்தால் பொதுவாக ஒரு மில்லிக்கு ஒரு கலோரி தேறும், ஆனால் விலை கடிக்கும். கஞ்சியோடு பால், பருப்பு, எண்ணெய் சேர்த்து உணவியல் நிபுணரிடம் அளவு கேட்டுக்கொள்வது நடுவழி. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு மட்டும் முதல் நாளே முழு அளவு கொடுத்துவிடாதீர்கள்: இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும்.