கலிபோர்னியா வாக்காளர் கையேடு, 2024: 5-க்கு 4 நட்சத்திரம்

தபாலில் இலவசமாக வீடு தேடி வரும் புத்தகம், ஆனால் தடிமனைப் பார்த்தாலே கொட்டாவி வரும். 2024 நவம்பரில் மாநிலம் முழுக்க 10 பிரபோசிஷன்கள் (மக்களே ஆம், இல்லை என்று நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவுகள்) ஆச்சே! முன்பக்கச் சுருக்கம் அருமை, ஆம் போட்டால் என்ன ஆகும், இல்லை போட்டால் என்ன ஆகும், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பளிச்சென்று இருக்கிறது; அப்புறம் செலவுக் கணக்கு, இரு தரப்பு வாதம், அதற்கு மறுப்பு. கடைசியில் வரும் சட்ட வாசகம் வக்கீல்களுக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், சிறைக் கைதிகளைக் கட்டாய வேலை வாங்குவதைத் தடைசெய்யும் 6-ஆம் எண் பிரபோசிஷனுக்கு எதிர்வாதம் எழுதித் தர ஒருவரும் வரவில்லை, ஆனாலும் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். திருட்டு, போதைப்பொருள் தண்டனையைக் கூட்டும் 36-க்கோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலராக்கும் 32 மயிரிழையில் தோற்றது.