தினமும் போட 22 காரட்டா, 18 காரட்டா?

தங்க மோதிரம் வாங்கும்போது பலரும் குழம்புவது இதில்தான்.

தங்கம்: 22 காரட்டில் சுமார் 91.6 சதவீதம், 18 காரட்டில் 75. மீதி செம்பு, வெள்ளி போன்றவை.

விலை: ஒரே எடைக்கு 18 காரட் மலிவு. விற்கும்போதும் குறைவாகத்தான் கிடைக்கும்.

உழைப்பு: சுத்தத் தங்கம் மென்மையானது. அதனால் 22 காரட் சீக்கிரம் கீறும், நெளியும். கல் வைத்த மோதிரமென்றால், கல்லைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கிகள் துணியில் மாட்டி மாட்டி விரியும். அப்புறம் ஒருநாள் கல்லையே காணோம். 18 காரட்டில் பிடி உறுதி.

நிறம்: 22 நல்ல மஞ்சள். 18இல் வெள்ளை, ரோஜா நிறமும் உண்டு.

கல் வைத்து, கழற்றாமல் போட 18தான் சரி. கல்லில்லாத சங்கிலி, சேமிப்பாகவும் இருக்கட்டும் என்றால் 22. வெள்ளைத் தங்கம் சிலவற்றில் நிக்கல் இருக்கும். அது பட்டால் தோல் அரிக்கிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.