கடைப் படக்கதையா, வீட்டில் தைத்த புத்தகமா?

தீபாவளி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம், சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. பகிர்ந்து உண்ணச் சொல்லித்தரப் பண்டிகைப் படப்புத்தகம் வாங்குவதா, நாமே செய்வதா?

செலவு: கடைப் புத்தகத்துக்கு ரேண்ட் எண்ணி வைக்க வேண்டும், நூலகத்தில் இரவல் எடுத்தால் அதுவும் மிச்சம். வீட்டுப் புத்தகத்துக்கு நான்கு அட்டை, பசை, சில புகைப்படங்கள்.

தாங்குமா: கெட்டி அட்டைப் பதிப்பு பிள்ளை கடித்தாலும் தாங்கும். நாங்கள் தைத்தது நவம்பர் ஈரக்காற்றில் ஒரே வாரத்தில் அப்பளம்போல் வளைந்துவிட்டது.

மனத்தில் பதிவது: இங்கேதான் உண்மையான வித்தியாசம். கடையில் கிடைப்பவற்றில் பனியும் கம்பளிக் குல்லாயுமான கிறிஸ்துமஸ் கதைகள் ஏராளம். நமக்கோ டிசம்பர் கொளுத்தும் கோடை. வீட்டுப் புத்தகத்தில் ஆயா (பாட்டி) முறுக்கும் பர்ஃபியும் அடுக்கிய தட்டைத் துணியால் மூடி, பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அடுத்த பக்கத்தில் ஈத் பெருநாளன்று அதே தட்டு சமோசாவோடு திரும்புகிறது. மூன்று வயதுப் பேத்தி, "நம் தட்டு!" என்று கூவினாள். (கடைசி முறுக்கை மட்டும் யாருக்கும் தரவில்லை. அந்த வயதுக்கு அது இயல்பு.)

கடைக்கதைக்கும் ஒரு பலம் உண்டு: அதில் வரும் கருமிக் கரடியைப் பிள்ளை தாராளமாகத் திட்டலாம். அண்ணன் தங்கை சண்டையை வீட்டுப் புத்தகத்தில் வரைந்தால் ஒருவர் நிச்சயம் அழுவார்.

பொம்மைச் சண்டை ஓயாத ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்குக் கடைப் புத்தகம். அதைவிடச் சின்னதுகளுக்கு வீட்டில் தைத்தது, பிளாஸ்டிக் உறை போட்டு.