ஐ5-2500ல இருந்து ரைசன் 5600 வரைக்கும்: நீண்ட நாள் யூஸ் பண்ணின அனுபவம்

2011ல வந்த இன்டெல் ஐ5-2500 போட்ட டெஸ்க்டாப்ப கிட்டத்தட்ட ஒரு மாமாங்கம் ஓட்டினேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் முழு நேர வேலை. நடுவுல ஹார்ட் டிஸ்க்க தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டேன், ரேம் ஏத்தினேன், காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்த தெர்மல் பேஸ்ட்ட சுரண்டிட்டு புதுசு தடவினேன், ஆனா பிராசஸர் மட்டும் கடைசி வரைக்கும் அதேதான்.

சிப் அருமையான சிப்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவ்ளோ வருஷம் மாத்தாம ஓட்ட முடிஞ்சதுக்குக் காரணம், பின்னாடி வந்தது எதுவும் பெருசா முந்திப் போகல. கிளாக் வேகத்தப் பாருங்க: 1993ல இன்டெல்லோட பென்டியம் வந்தப்போ 60 மெகாஹெர்ட்ஸ், 2000லயே 1 கிகாஹெர்ட்ஸ், 2004ல பென்டியம் 4 3.8 தொட்டுச்சு, அங்கயே நின்னுடுச்சு. என் ஐ5 டர்போல, அதாவது கொஞ்ச நேரம் உச்ச வேகத்துல போனா 3.7. இப்ப வெச்சிருக்க ஏஎம்டி பிராசஸர் ரைசன் 5 5600 அதே மாதிரி 4.4.

இன்டெல்ல தொடங்கினவங்கள்ல ஒருத்தரான கார்டன் மூர் 1965லயும் 1975லயும் சொன்னது சிப்ல இருக்க டிரான்சிஸ்டர் (குட்டி சுவிட்ச்) எண்ணிக்கை டபுள் ஆகுறதப் பத்திதான், வேகத்தப் பத்தி இல்ல. வேகம் கூடவே வந்ததுக்குக் காரணம் 1974ல ஐபிஎம் ஆராய்ச்சியாளர் ராபர்ட் டென்னார்ட் டீம் சொன்ன கணக்கு: டிரான்சிஸ்டர் சுருங்க சுருங்க வோல்டேஜும் குறையும், அதனால எவ்ளோ அடைச்சாலும் சூடு ஏறாது. 2005 வாக்குல அது முடிஞ்சுது, வோல்டேஜ இன்னும் குறைக்கப் போனா டிரான்சிஸ்டர் ஆஃப்ல இருக்கப்பவே கரண்ட் கசிய ஆரம்பிச்சுடுது. அதுக்கப்புறம் வேகம் வேணும்னா கரண்ட்ட கொட்டணும், என் பழைய ஐ5 95 வாட், ஐ9-14900கே டர்போல 253 வாட்!

5600ல எனக்குக் கிடைச்சது என்னன்னா, எக்ஸ்போர்ட் போட்டா பன்னெண்டு த்ரெட்டும் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை) ஃபுல்லா ஓடுது, முன்னாடி ப்ராக்ஸி (தரம் குறைச்ச நகல்) போட்டாத்தான் நகரும்னு இருந்த 4கே டைம்லைன இப்ப நேரா இழுத்துப் பாக்கலாம். ஆனா ஒரே கோர்ல (பிராசஸருக்குள்ள இருக்க ஒரு தனி கணக்குப் பகுதி) ஓடுற டைட்டில் ப்ளகின் ஒண்ணு இருக்கு, அது கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு, அவ்ளோதான். ஒரு கோர்னு பாத்தா பதினோரு வருஷ இடைவெளியில சுமாரா ரெண்டு மடங்குதான் வித்தியாசம். நேர்மையா சொல்றேன், அந்த எஸ்எஸ்டி போட்ட அன்னைக்கு மெஷின் ஆன் ஆன வேகத்துல பட்ட சந்தோஷம் இதுல இல்ல.

இனிமே? சிப் செய்யுற முறைக்கு 3 நானோமீட்டர்னு போடுறது வெறும் பேரு, அதுல கேட்டுக்கு கேட்டு (டிரான்சிஸ்டர ஆன் ஆஃப் பண்ற பகுதி) இடைவெளியே நாப்பது நானோமீட்டருக்கு மேல. சிலிக்கான் படிகத்தோட ஒரு கட்டமே அரை நானோமீட்டர்ங்கறப்போ சுருக்க இடம் குறைஞ்சுட்டே வருது. பிராசஸருக்குள்ளயே இருக்க வேகமான கேஷ் மெமரி இப்பவே அடம் பிடிக்குது, தைவான் சிப் கம்பெனி டிஎஸ்எம்சியோட என்3ஈங்கற 3 நானோமீட்டர் முறையில அந்த மெமரி செல் 5 நானோமீட்டர்ல இருந்த அதே சைஸ்தான். அதனாலதான் இப்ப ஒரே சிப்ப துண்டு துண்டா உடைச்சு ஒட்டுறாங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறாங்க. 5600லயே கோர் இருக்க துண்டு 7 நானோமீட்டர், மெமரி மாதிரி வெளிப் பாகங்களோட பேசுற ஐஓ துண்டு 12 நானோமீட்டர். சாம்சங் 2022ல கேட் நாலு பக்கமும் சுத்தி வர்ற டிசைன ஆரம்பிச்சாங்க, கசிவ அடக்க அது நல்ல வழி, இன்னும் சில தலைமுறை ஓடும்னு நம்புறேன். ஆனா பழைய மாதிரி விலை குறைஞ்சுட்டே வேகம் ஏறுற காலம் திரும்ப வராதுங்கறது என் கருத்து.

புதுசா வாங்குறவங்க ஜெனரேஷன் நம்பர பாத்து காச கொட்டாதீங்க, உங்க சாஃப்ட்வேர் எத்தனை கோர் யூஸ் பண்ணுதுனு டாஸ்க் மேனேஜர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் சாக்கெட், அதாவது போர்டுல பிராசஸர் உக்கார்ற இடம். என் ஏஎம்4 சாக்கெட் போர்டுலயே கேஷ மேல அடுக்கின 5800எக்ஸ்3டி உக்காரும், ஆனா அது கேமுக்குத்தான் லாபம், எடிட்டிங்குக்கு கோர் அதிகமா இருக்க 5900எக்ஸ்தான் பாப்பேன்.