மலாய் கற்க: செயலியா, சமையற்கூடமா?

பினாங்கில் தன்னார்வப் பணிக்குக் கிளம்பும் முன், மும்பையின் மாட்டுங்கா ரோடு–சர்ச்கேட் லோக்கல் ரயில் நெரிசலில் நின்றபடியே செயலியில் மலாய் படித்தேன். ரோமன் எழுத்து, வாசிப்பது சுலபம். காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாததும் நிம்மதி. ஆனால் ஆங்கில வழியில் சொல்லித் தந்ததால் 'கித்தா', 'காமி' இரண்டுக்கும் ஒரே பொருளைக் காட்டிக் குழப்பியது.

அங்கே சமையற்கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசியபோதுதான் புரிந்தது: அட, நம்ம 'நாம்', 'நாங்கள்'! கப்பல் அங்கே 'காப்பல்', கடை 'கெடாய்'. 'சூடா மாக்கான்?' என்றபோது சூடாகச் சாப்பிடச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன். சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறார்களாம். இன்னும் இல்லையென்றால் 'பெலும்'. ஒரு நாளில் மண்டையில் ஏறிவிட்டது.

எண்களுக்கு மட்டும் செயலிதான். சந்தையில் யாரும் நிதானமாக விலை சொல்வதில்லை.