மூன்று ஏக்கர் குளத்தில் பாஸ் மீன்: தவளையா, புழுவா? கரையா, படகா?

முதல் ஒரு மணி நேரத்தில் ஐந்து மீன். அடுத்த மூன்று மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. சின்னக் குளத்தில் தூண்டில் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். மீன்கள் எங்கும் போய்விடவில்லை, உஷாராகிவிட்டன.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், செம்மண் மேட்டுநிலத்து ஓடைகளை மண் அணையால் மறித்து உண்டாக்கிய பண்ணைக் குளங்கள் ஏராளம். நண்பரின் நிலத்தில் உள்ள அப்படி ஒரு மூன்று ஏக்கர் குளத்தில் நான்கு கோடைகளாகத் தூண்டில் போட்டுவருகிறேன். பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும் அளவுக்குப் பெரிய வாய், பெயரும் அதனால்தான். இந்த மீனுக்கான உலக சாதனை இந்த மாநிலத்துக்கே உரியது. 1932-இல் மாண்ட்கோமெரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவைத் தாண்டியது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸ் அளவுக்குத்தான் கூடுதல் என்பதால் சமன் என்றே பதிவானது. என் கைக்கு வந்த மிகப் பெரியதை இவற்றின் பக்கத்தில் வைத்தால் குஞ்சு என்பார்கள்.

சுமார் 38,000 ஏக்கர் பரப்புள்ள லேனியர் நீர்த்தேக்கத்தில் ஓரிடம் ஏமாற்றினால் படகைக் கிளப்பி அடுத்த இடத்துக்குப் போகலாம். மூன்று ஏக்கரில் அடுத்த இடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே இங்கே ஒரு செயற்கை இரையைப் பற்றி நான் கேட்பது எத்தனை மீனைப் பிடிக்கும் என்பதை மட்டுமல்ல, எத்தனை மீனை விரட்டிவிடும் என்பதையும் சேர்த்துத்தான்.

முதலில் தவளை. உள்ளே வெற்றிடமாக இருக்கும் மென்மையான தவளை உருவம், முதுகை ஒட்டி மேல்நோக்கிய இரண்டு தூண்டில் முட்கள். அல்லி இலை மேலும் பாசிப் படலத்தின் மேலும் சிக்காமல் தவழ்ந்து வரும். தமிழ்நாட்டில் விராலுக்கு இதையே வீசுகிறவர்களிடம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பதுங்கியிருந்து பாய்வதில் விராலும் பாஸும் பங்காளிகள். விடிந்து முக்கால் மணி நேரம், மாலை மங்கும் நேரம், மேகமூட்டமான நாள் ஆகியவை தவளைக்கு உகந்தவை. உச்சி வெயிலில் அதை வீசுவது கைக்கு உடற்பயிற்சி.

தவளையை மீன் அடிக்கும் அந்தச் சத்தத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. ஆனால் சிக்கலும் அந்த நொடியில்தான் இருக்கிறது. தண்ணீர் வெடித்ததும் பதறிக் கோலைச் சுண்டினால் தவளை மட்டும் முகத்தை நோக்கிப் பறந்து வரும். மீனின் பாரம் கையில் தெரியும்வரை பொறுக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாகியும் மீன் பத்து முறை அடித்தால் நாலைந்தைத் தவறவிடுகிறேன். பெரிய ஏரியில் அது வருத்தம் மட்டுமே. இங்கேயோ தவறிய மீன் அன்று முழுக்கத் தவளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

புழுவின் கதை வேறு. நிக் கிரீம் என்பவர் 1949-இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் உருவாக்கிய பிளாஸ்டிக் புழுவின் வழித்தோன்றல்கள் இன்று எல்லாத் தூண்டில்காரர்களின் பெட்டியிலும் இருக்கின்றன. நான் பயன்படுத்துவது ஐந்து அங்குலப் புழு. ஈயமே கட்டாமல், நடு உடம்பில் ஒரு முள்ளைக் கோத்து வீசுகிறேன். இறங்கும்போது இரண்டு முனைகளும் மெல்ல நடுங்கும். நம் வேலை எதுவும் செய்யாமல் இருப்பது, அதுதான் பலருக்கு முடிவதில்லை. கையில் இழுப்பு தெரியும்வரை காத்திருக்கவும் கூடாது. தூண்டில் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தில் கண் இருக்க வேண்டும். அது பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் எடுத்துவிட்டது. அந்தக் கணத்தில் தாமதித்தால் முள் தொண்டைக்குள் போய்விடும், அப்படிப் போன மீன் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். புழுவின் பெரிய குறை இது. கிழிந்த புழுக்கள் குளத்தின் அடியில் தங்கிவிடுவது இன்னொரு குறை. புழுவின் இடுப்பில் சிறிய ரப்பர் வளையம் போட்டு, முள்ளை அந்த வளையத்தில் மாட்டினால் கிழிவது பெருமளவு குறையும். பாசி அடர்ந்த இடத்தில் முள்ளின் கூர்முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கோக்க வேண்டும்.

இருந்தும் என் ஓட்டு புழுவுக்குத்தான். சத்தமில்லாமல் விழுகிறது, ஒரு மீன் மறுத்தாலும் பக்கத்து மீன் மிரள்வதில்லை. தவளையை அடித்துத் தவறிய மீனுக்கும் மருந்து புழுவே. இரண்டாவது கோலில் அதைத் தயாராக வைத்திருந்து, அலை அடங்கும் முன் அதே வட்டத்துக்குள் போட்டால் பல தடவை எடுத்துக்கொள்கிறது.

உலோகத் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட்டை மழைக்குப் பிறகு குளம் செங்கல் நிறமாகும் நாட்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். தெளிந்த நீரில் முதல் சில வீச்சுகள் பலன் தரும், பிறகு குளத்துக்கே செய்தி பரவிவிடும்.

இனி, கரையா படகா? கரையில் நிற்பவர் நடுக்குளத்துக்கு வீசுகிறார், படகில் இருப்பவர் கரைக்கு வீசுகிறார். இருவரில் படகுக்காரர் பக்கம்தான் நியாயம் அதிகம். பாஸ் பெரும்பாலும் நிழல், செடி, சரிவு உள்ள ஓரங்களில் இருக்கும். கோடையில் நடுக்குளத்து ஆழம் பெரும்பாலும் வீண். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று குளம் அடுக்காகப் பிரிந்துவிடுகிறது, கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஜூலையில் அடிமட்டத்தில் புழுவை இழுத்துக்கொண்டிருப்பவர் மீனில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

ஆனாலும் மூன்று ஏக்கருக்கு நான் படகு கேட்பதில்லை. அலுமினியப் படகில் துடுப்பு ஒரு முறை இடித்தால் போதும், காலை கெட்டது. கரையிலிருந்து கரைக்கு இணையாக வீசினால் இரை முழுத் தூரமும் மீன் இருக்கும் ஓரத்திலேயே வரும். முதல் வீச்சுக்குமுன் தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொள்ளுங்கள், மெதுவாக நடங்கள். காலடி அதிர்வும் நீரில் விழும் நிழலும் மீனுக்குத் தெரியும். புதர் மண்டிய எதிர்க்கரைக்கு மட்டும்தான் படகு உண்மையிலேயே உதவுகிறது.

கடைசியாக ஒரு கேள்வி, அதில்தான் என் பழக்கம் தலைகீழானது. பிடித்ததை விடுவதா, எடுத்துப்போவதா? அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஹோமர் ஸ்விங்கிள் குளங்களை ஆராய்ந்து சொன்னது இது: பாஸும் அதற்கு இரையாகும் புளூகில் மீனும் சமநிலையில் இருக்க வேண்டும். புளூகில் உள்ளங்கை அளவுக்குக் கொழுத்திருக்க, பாஸ் எல்லாம் பத்துப் பன்னிரண்டு அங்குலத்தில் மெலிந்து கிடந்தால், அங்கே பாஸ் பெருகிவிட்டது என்று பொருள். எங்கள் குளத்தின் நிலை அதுவே. விட்டுவிடுவதைப் புண்ணியமாக நினைத்து எல்லாவற்றையும் விட்டதன் விளைவு.

ஒல்லி மீன்களை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் நண்பர். பெரியதற்குத் தவளை நல்லது. சின்னவை வகைதொகையில்லாமல் வருவது புழுவில், அதுவும் நான்கு அங்குலத்துக்குக் குறைத்தால். போன சனிக்கிழமை தவளைப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஒன்பது மீன். முள் கொஞ்சம் அதிகம், ஆனால் மிளகாய்த்தூள் தடவி வறுத்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.