கோபி மீன் தனியாகவா, துப்பாக்கி இறாலோடு சேர்த்தா?

மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளைப் பக்கம் பவளத் தொட்டி (கடல்நீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) வைத்திருப்பவர்கள் எல்லை கடந்து திருவனந்தபுரத்துக் கடைகளில் நேரில் பார்த்து மீன் வாங்குவார்கள். இல்லையென்றால் சென்னை கொளத்தூரிலிருந்து இரவுப் பேருந்தில் பார்சலாக வரவழைப்பார்கள். இரண்டு அடி, மூன்று அடித் தொட்டிக்கு ஏற்ற அடக்கமான மீனாக இருப்பதால், நம்மூர் உளுவையின் கடல் உறவான கோபி எல்லாருடைய பட்டியலிலும் இடம்பெற்றுவிடுகிறது. அதைத் தனியாக வைப்பதா, துப்பாக்கி இறாலோடு சேர்த்து வைப்பதா என்ற கேள்விக்கு, மீனின் நிறத்தையோ விலையையோ பார்ப்பதற்கு முன்னால் தொட்டியின் அடித்தளத்தைப் பார்த்து விடை தேடுவதே சரி என்பது என் கருத்து. பாறைகள் கண்ணாடியின் மேல் நேராக அமர்ந்திருக்கின்றனவா, மணலின் மேல் அமர்ந்திருக்கின்றனவா என்பதிலேயே பாதித் தீர்மானம் அடங்கிவிடுகிறது.

முதலில் ஜோடியை எடுத்துக்கொள்வோம். இறாலோடு வளை பகிர்ந்து வாழும் கோபி இனங்கள் நூற்றுக்கும் மேல் உண்டு என்றாலும், நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது மஞ்சள் வாட்ச்மேன் கோபிதான். ஏறக்குறைய 10 செ.மீ. வரை வளரும் இம்மீனுக்கு டைகர் பிஸ்டல் என்ற துப்பாக்கி இறால் நன்றாகப் பொருந்துகிறது. இறாலுக்குக் கண்பார்வை மங்கல். மீனுக்கோ வளை தோண்டத் தெரியாது. இறால் தோண்டிக் கொடுக்க, மீன் வாசலில் காவல் இருக்கிறது. உணவு போட்டுச் சற்று நேரம் கழித்துத் தொட்டியின் முன் அசையாமல் உட்கார்ந்து பார்த்தால், இறால் தன் கொடுக்குகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜேசிபி போல மணலைத் தள்ளி வந்து வாசலில் கொட்டிவிட்டுத் திரும்புவதைக் காணலாம். வெளியே இருக்கும் நேரமெல்லாம் அதன் நீண்ட உணர்கொம்புகளில் ஒன்று மீனின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியின் முன் யாராவது சட்டென்று கையை உயர்த்தினால் மீனின் வால் லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பை உணர்ந்த நொடியிலேயே இறால் உள்ளே போய்விடும். ஆபத்து பெரிதென்று பட்டால் மீனும் தலையை முன்னே விட்டு அதன் பின்னால் பாய்ந்துவிடும். இந்தக் காட்சிக்காக மட்டுமே தொட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்தக் காட்சிக்கு ஒரு விலையும் உண்டு. டைகர் பிஸ்டல் ஓய்வே இல்லாமல் தோண்டும். மணலை நிரப்பி அதன் மேல் பாறைகளை அடுக்கியிருந்தால், அது அடிமணலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட, ஒரு நாள் பாறை சரிந்து பவளத்தின் மேலோ கண்ணாடியின் மேலோ விழும். ஆகவே ஜோடி வேண்டும் என்பவர் பாறைகளை முதலில் அடிக்கண்ணாடியில் நிறுத்தி, தேவையான இடங்களில் எப்பாக்ஸிப் பசை வைத்து இறுக்கி, அதன் பிறகே மணலைக் கொட்ட வேண்டும். ஆண்டுக்கணக்காகக் கிளறப்படாமல் கிடக்கும் ஆழமான மணலில் இறாலை விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீரில் கலக்க வாய்ப்புண்டு.

மணலைப் பற்றி நம் பகுதிக்கென்றே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கடற்கரை அருகில் இருக்கிறது என்பதால் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலை அள்ளிவந்து போடலாம் என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. இல்மனைட், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் நிறைந்த அந்த மணல் பவளத் தொட்டிக்கு உதவாது. கால்சியம் கார்பனேட்டால் ஆன அரகோனைட் மணலையே வாங்க வேண்டும். நுண்மணல் மட்டும் இருந்தால் வளையின் கூரை நிற்காது என்பதால், அதோடு சிறு துண்டுகளும் கலந்திருக்க வேண்டும். 5 முதல் 8 செ.மீ. ஆழம் போதும். துண்டுகளுக்காகக் கரையில் ஒதுங்கிய பவளத்தைப் பொறுக்கிவிடக் கூடாது. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் வீடுகளில் சமைத்துக் கழிக்கும் சிப்பியின் ஓட்டை நன்றாகக் கொதிக்கவைத்துக் கழுவி, உடைத்துப் போட்டால் இறாலுக்கு அதுவே போதுமானது. அது துண்டு துண்டாகத் தூக்கிப் போய் வாசலுக்கு முட்டுக்கொடுப்பதைப் பார்க்கவே அழகு.

இரவில் கேட்கும் 'டக்' என்ற ஓசையால் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதோ என்று புதியவர்கள் பதறுவதுண்டு. இறால் தன் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் பீய்ச்சும் நீரில் ஒரு குமிழி உருவாகி உடைகிறது. கொடுக்கின் இரு பகுதிகள் மோதுவதால் அல்ல, குமிழி உடைவதாலேயே ஓசை எழுகிறது என்பது 2000ஆம் ஆண்டு ஆய்வில் தெளிவானது. கண்ணாடிக்கு இதனால் தீங்கில்லை. பக்கத்தில் போகும் சிறு இறால்களுக்கு வேண்டுமானால் தீங்கு நேரலாம்.

சிவப்புக் கோடுகள் கொண்ட யாஷா கோபியும் அதன் இயல்பான துணையான ராண்டால் பிஸ்டல் இறாலும் இதைவிட அழகான ஜோடி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2001இல்தான் அறிவியல் பெயர் பெற்ற இந்தச் சிறு மீன் மிகவும் கூச்ச சுபாவம் உடையது. முரட்டு மீன்கள் இருந்தால் வெளியே தலைகாட்டாது, சாப்பிடவும் வராது. இவற்றுக்கென்றே ஒரு சிறு தொட்டி ஒதுக்க முடிந்தவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

இனி இறால் இல்லாத வழி. பாறைகள் ஏற்கெனவே மணலின் மேல் அமர்ந்து, பவளங்களும் ஒட்டி வளர்ந்துவிட்ட தொட்டியைக் கலைப்பது அறிவுடைமை ஆகாது. அங்கே என் தேர்வு நியான் கோபி. கரீபியன் கடலைச் சேர்ந்த, 5 செ.மீ. அளவே உள்ள இம்மீனுக்கு மணலே தேவையில்லை. பாறையிலோ பவளத்தின் தலையிலோ உட்கார்ந்திருக்கும், பிற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவும் செய்யும். பெரும்பாலும் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதாகவே கிடைப்பதால் ஃப்ரோஸன் உணவை முதல் நாளிலேயே ஏற்றுக்கொள்கிறது. ஆயுள் குறைவு என்பதே அதன் குறை. மஞ்சள் க்ளவுன் கோபியும் மணல் கேட்காத சிறு மீன்தான். ஆனால் அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் வளர்ப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. கிளையில் முட்டையிடுவதற்காகப் பவளத்தின் தசையை அது கொத்தி அகற்றும்.

டைமண்ட் கோபி என்று விற்கப்படும் மணல் சலிக்கும் கோபியை மட்டும் இரண்டு, மூன்று அடித் தொட்டிக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து, மேலே எழுந்து பவளங்களின் தலையில் கொட்டும். மணல் பளிச்சென்று வெண்மையாகும் என்பது உண்மையே. அந்தச் சுத்தமான மணலில் உண்ண எதுவும் மிஞ்சாததால், தனியாக உணவு ஊட்டாவிட்டால் மீன் மெலிந்து இறப்பதும் உண்மையே.

தண்ணீரைப் பொறுத்தவரை ஜோடிக்கே கவனம் கூடுதலாக வேண்டும். மழைக்காலத்தில் தேங்காய்ப்பட்டணம் போன்ற ஆற்று முகத்துவாரங்களை ஒட்டி எடுக்கும் கடல்நீரில் உப்புச் செறிவு இறங்கியிருக்கும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35க்கு (ஆயிரத்தில் 35 பங்கு) மிகவும் கீழே இறங்கிய நீரை மீன் ஓரளவு பொறுத்துக்கொண்டாலும் இறால் பொறுக்காது. கடைக்காரர்கள் மீன் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பதும் உண்டு. எனவே பார்சலில் வந்த இறாலைச் சொட்டுச் சொட்டாக நீர் கலந்து பழக்கிய பிறகே விட வேண்டும். கோடையில் விசிறி வைத்துக் குளிர்விக்கும் உத்தியும் நம் கடலோர ஈரக்காற்றில் அவ்வளவாகப் பலன் தராது.

வாங்கும் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். வாட்ச்மேன் கோபி இறால் இல்லாமலும் நன்றாக வாழும். இறாலை மட்டும் வாங்கினால் அது பாறைக்கடியில் மறைந்துவிடும், மாதக்கணக்கில் கண்ணில் படாது. மேலும், மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குத் தரப்படும் தாமிர மருந்து இறாலைக் கொன்றுவிடும். ஆகவே மீனை முதலில் வாங்கி, தனித் தொட்டியில் வைத்துத் தேவையான மருத்துவத்தை முடித்து, பெரிய தொட்டியில் அது ஓர் இடம் பிடித்த பிறகு, அந்த இடத்துக்கு அருகிலேயே ஒரு குழாய் வழியாக இறாலை இறக்கிவிடுவது நல்லது. கோபிகள் எல்லாமே துள்ளி வெளியே விழக்கூடியவை என்பதால், மீன் வந்து சேர்வதற்கு முன்பே தொட்டியின் மேல் வலை போட்டிருக்க வேண்டும்.